பழைய ரெக்கார்டு பிளேயரில் சத்தம் சரியா வரலையா? பழைய இரும்புக்குப் போடும் முன் இதைப் பாருங்க!

காரைக்குடி பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் கல்யாணம், படைப்பு என்றால்தான் முழுசாகத் திறக்கும். சொந்தக்காரர்கள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்குவார்கள். யாராவது ஒருவர் இரண்டாம் கட்டு அறையிலிருந்து ஆச்சி காலத்து ரெக்கார்டு பிளேயரைத் தூசி தட்டி எடுத்து வருவார். ஆசையாக ஒரு தட்டைப் போட்டால் ஒன்று சத்தமே வராது, இல்லையென்றால் 'ஙொய்ய்' என்று இரைச்சல் வரும். "பெட்டி போயிடுச்சு" என்று முடிவு கட்டி, அடுத்த வாரமே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள்.

உண்மையில் இந்தக் கோளாறுகளில் பல, முள், ஒயர், பெல்ட் என்ற சின்ன விஷயங்களோடு முடிந்துவிடும். அவசரப்பட்டு தப்பான முள்ளில் ஓட்டினால்தான் ஆபத்து. பிளேயருக்கு மாற்று கிடைக்கும், தேய்ந்துபோன தட்டுக்கு மாற்று கிடைக்காது. எந்தச் சத்தத்துக்கு என்ன காரணம், வீட்டிலேயே எதைச் சரிபார்க்கலாம்? பார்க்கலாம் வாங்க.

காரைக்குடிக்கும் ரெக்கார்டுக்கும் என்ன சம்பந்தம்?

நெருக்கமான சம்பந்தம். ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 1907-ல் பிறந்தது காரைக்குடியில். அவருடைய அப்பா நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் ரெக்கார்டுகளும் விற்பனைக்கு இருந்தன. அந்த அனுபவத்தோடுதான் மெய்யப்பச் செட்டியார் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் ரெக்கார்டு வியாபாரத்தில் இறங்கினார். சினிமா அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஊர் திரும்பியவர், காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். அதில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. ஆக, செட்டிநாட்டு வீட்டு அலமாரியில் ரெக்கார்டு கட்டு கிடைத்தால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதல் கேள்வி: உங்ககிட்ட இருப்பது எந்தப் பெட்டி?

கோளாறு தேடும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். மூன்று வகை உண்டு.

1. சாவி கொடுக்கும் கிராமபோன்: கரண்ட் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பிரிங்கில் ஓடும். 78 வேக அரக்குத் தட்டுகள் மட்டும்தான் இதில் போட வேண்டும்.

2. கரண்ட் ரெக்கார்டு பிளேயர், ரேடியோகிராம்: எச்எம்வி ஃபியஸ்டா மாதிரியான சூட்கேஸ் பிளேயர்களும், ரேடியோவோடு சேர்ந்த மரப்பெட்டிகளும் இந்த வகை. பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும்.

3. தனி டர்ன்டேபிள்: ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் தனியாக இணைக்க வேண்டும். பெரும்பாலும் மேக்னடிக் கார்ட்ரிட்ஜ்.

தட்டிலும் வகை உண்டு. அரக்கால் ஆன 78 தட்டு கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாட்டு. இந்தியாவில் 1960-களின் பிற்பகுதி வரை இவை வந்துகொண்டிருந்தன. வினைல் தட்டுகள் 33⅓ அல்லது 45 வேகத்தில் ஓடும். இவை வளையும், அவ்வளவு சுலபமாக உடையாது.

பிளக்கைச் சொருகும் முன்...

பத்து இருபது வருஷம் தூங்கிய பெட்டியை நேராக 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். உள்ளே எலி கடித்த ஒயர் இருக்கலாம். பழைய கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும், கரண்ட் பாய்ந்ததும் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. சில வால்வு செட்டுகளில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். அது உயிருக்கே ஆபத்து.

வால்வு ரேடியோகிராம் என்றால் பின்பக்க மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் முதலில் சீரிஸ் பல்பு போட்டுத்தான் சோதிப்பார். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 120 வோல்ட்டுக்கானது. நேராகச் சொருகினால் புகைதான் வரும்.

கோளாறு 1: தட்டு சுத்துது, சத்தம் வரல

தனி டர்ன்டேபிளில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கு. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து வரும் இரண்டு பின்களையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். இப்போது இன்னொரு ஸ்பீக்கர் ஊமையானால் கோளாறு பிளேயரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கர்தான் ஊமை என்றால் ஆம்ப்ளிஃபயரையோ ஸ்பீக்கரையோ பார்க்க வேண்டும்.

பிளேயரில்தான் கோளாறு என்றால், கார்ட்ரிட்ஜ் பின்னாலுள்ள நான்கு மெல்லிய ஒயர்களைப் பாருங்கள். வழக்கமாக வெள்ளை, நீலம் இடது பக்கத்துக்கு. சிவப்பு, பச்சை வலது பக்கத்துக்கு. ஒன்று கழன்றிருந்தாலும், முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் சத்தம் வராது.

பழைய சூட்கேஸ் பிளேயரில் சத்தம் ரொம்பச் சன்னமாக வந்தால் சந்தேகம் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் மேல்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் ரோஷெல் உப்புப் படிகத்துக்கு ஈரமும் ஆகாது, கடும் வெப்பமும் ஆகாது. சிவகங்கை மாவட்ட வெயிலில், பூட்டிய அறையில் பல வருஷம் கிடந்தால் அது செத்துப்போக வாய்ப்பு அதிகம். இதை ரிப்பேர் செய்ய முடியாது. அதே இடத்தில் பொருந்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ் மாற்றலாம்.

கோளாறு 2: புளூடூத் ஸ்பீக்கரில் இணைச்சா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு

பிளேயரில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மேக்னடிக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட் மட்டும்தான். ஆக்ஸ் துளைக்கு அது போதாது.

இன்னொன்று, தட்டில் பாட்டைப் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் பதிவார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சமன் செய்ய வேண்டும். 1950-களின் நடுவில் இதற்குப் பொதுவான அளவு வந்தது, ஆர்ஐஏஏ என்பார்கள். இந்த வேலையைச் செய்வதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், வெறும் சலங்கைச் சத்தம் மிஞ்சும்.

தலைகீழ் தப்பும் நடக்கும். ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் புது மாடல் பிளேயரை ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளையில் சொருகினால் சத்தம் கரகரவென்று உடையும். அதை ஆக்ஸில் போடுங்கள், சரியாகிவிடும்.

கோளாறு 3: 'ம்ம்ம்...' என்று விடாத இரைச்சல்

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஒயர் வழியாகப் புகுந்தால் இந்த 'ம்ம்ம்' வரும். டர்ன்டேபிளிலிருந்து பின் ஒயரோடு மெல்லிய தனி ஒயர் ஒன்று வரும். அதுதான் எர்த். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் எர்த் குறி போட்ட திருகில் இறுக்குங்கள். பல நேரம் இதுவே போதும்.

போகவில்லையா? ஃபோன் சார்ஜர், அடாப்டர், இன்வெர்ட்டர் இவற்றைத் தள்ளி வையுங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டிலேயே எர்த் இணைப்பு இல்லாமல் இருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வால்யூமைக் கூட்டினால் மட்டும் 'ஊ' என்று ஊளையிட்டால் அது வேறு கதை. ஸ்பீக்கர் அதிர்வு பிளேயருக்குப் போய், முள் வழியாகத் திரும்பி ஸ்பீக்கருக்கே வருகிறது. பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

கோளாறு 4: பாடுபவர் குரல் ஆடுது, இழுக்குது

முதலில் வேகத்தைச் சோதிக்கலாம். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டுப் பேப்பரை வைத்து எண்ணுங்கள். 78-ல் ஒரு நிமிடத்துக்கு 78 சுற்று, 45-ல் 45 சுற்று. 33⅓ என்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று.

வேகம் குறைவாக இருந்தால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தட்டைச் சுற்றும் ரப்பர் சக்கரம் காய்ந்து வழுக்கும். அச்சில் எண்ணெய் பிசினாகி இருக்கவும் வாய்ப்பு உண்டு. பெல்ட் மாற்றுவது சுலபம். அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் பல பழைய மோட்டார்கள் இங்கே 50 ஹெர்ட்ஸில் மெதுவாகத்தான் ஓடும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றும். ஸ்ருதி சுமார் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கி, பாடகி குரல் பாடகர் குரலாகிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி போட்டால்தான் இது சரியாகும்.

வேகம் சரி, ஆனால் குரல் மட்டும் அலை அலையாக ஆடுகிறதா? தட்டு வளைந்திருக்கும், இல்லை நடு ஓட்டை மையத்தில் இருக்காது. வளைந்த தட்டை வெயிலில் வைத்தோ அயர்ன் பண்ணியோ நிமிர்த்தப் பார்த்தால் பாட்டே போய்விடும்.

கோளாறு 5: ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுது

'கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி' என்று நாம் திட்டுவது இதைத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் கீறல் காரணமில்லை. கோட்டில் அடைந்த தூசியும் முள்ளைத் தடுக்கும். பெட்டி சமமாக இல்லாவிட்டாலும் முள் தாவும். ஒரு தம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தே சமமா என்று பார்த்துவிடலாம்.

முள் தாவாமல் இருக்கத் தலையில் நாணயம் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள். மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு வழக்கமாக 1.5 முதல் 2 கிராம் அழுத்தம் போதும், செராமிக்குக்கு 5 கிராம் அளவு. நாணயம் ஏறினால் அந்தக் கூடுதல் எடை முழுவதும் தட்டின் கோட்டைத்தான் அரைக்கும்.

கோளாறு 6: குரல் கரகரன்னு உடையுது

குறிப்பாக நாதஸ்வரம் மாதிரி ஓங்கிய ஒலி வரும்போதும், தட்டின் உள்பக்கம் போகப் போகவும் உடைந்தால் முள்ளைப் பாருங்கள். நுனியில் பஞ்சு மாதிரி தூசி இருந்தால் மெல்லிய பிரஷால் பின்னாலிருந்து முன்னால் நோக்கித் தள்ளுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் முள் ஒடிந்துவிடும்.

சுத்தம் செய்தும் உடைந்தால் முள் தேய்ந்திருக்கலாம். வைர முள் சில நூறு மணி நேரம் தாங்கும். சபையர் முள் சில பத்து மணி நேரம்தான்.

முள்ளின் அளவும் முக்கியம். 78 தட்டின் கோடு அகலம். அதற்கான முள் நுனி, எல்பி முள்ளைவிட சுமார் மூன்று மடங்கு பெரியது. எல்பி முள்ளில் 78-ஐ ஓட்டினால் முள் கோட்டின் அடியில் உரசி, 'சர்ர்' என்று எண்ணெயில் கடுகு பொரியும் சத்தம்தான் கேட்கும். 78 முள்ளில் எல்பி-யை ஓட்டினால் தட்டு பாழ். பழைய பிளேயர்களில் முள்ளைத் திருப்பிவிடும் சின்ன நெம்புகோல் இருக்கும். அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்யூம் திருகும்போது மட்டும் கரகர என்றால் முள் மேல் தப்பில்லை. கரண்டை அணைத்துவிட்டு அந்தத் திருகை இருபது முப்பது தடவை முழுசாகத் திருப்புங்கள். தூசி விலகிவிடும்.

சாவி கிராமபோன் என்றால்...

இரும்பு ஊசியை ஒரு பக்கம் ஓடியதும் மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் டப்பா டப்பாவாக ஊசி விற்றது இதனால்தான். தேய்ந்த ஊசி உளி மாதிரி தட்டைச் செதுக்கும்.

சத்தம் தகரம் மாதிரி அதிர்ந்தால், ஊசி பொருத்தும் வட்டமான சவுண்ட் பாக்ஸில் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் மைக்கா தகடு விரிசல் விட்டிருக்கும். பாட்டு பாதியில் இழுத்து நின்றால் ஸ்பிரிங் கிரீஸ் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். சுருண்ட எஃகு தெறித்து கையைக் கிழித்துவிடும்.

தட்டைக் கழுவலாமா?

வினைலை மென்மையான பிரஷால், கோட்டின் போக்கிலேயே துடைக்கலாம். அழுக்கு அதிகம் என்றால் சுத்திகரித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். நடுவில் ஒட்டிய லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். ஈரத் துணியால் லேசாக ஒற்றி, உடனே உலர்த்துங்கள்.

தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்.

வாங்கப் போறீங்களா? உஷார்!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போனது. எங்கே வாங்கினாலும் ஒரு விஷயம் கவனம்: நாய்ப் படம் ஒட்டி, பளபள பித்தளைக் கூம்பு வைத்து, புதிதாகச் செய்து பழசு என்று விற்கப்படும் கிராமபோன்கள் இந்தியச் சந்தையில் நிறைய உண்டு. ஷோகேஸுக்கு ஓகே, தட்டு போட ஆகாது. ஒரு தட்டை முழுசாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு வீட்டில் இருக்கும் அருமையான தட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக ஒன்று

பெட்டி சரியானதும் முதலில் போட வேண்டியது, போனாலும் பரவாயில்லை என்கிற தட்டு. அது நன்றாகப் பாடினால், அடுத்து அபூர்வமான தட்டுகளை ஒவ்வொன்றாக, புது முள்ளில் ஓட்டி கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். பதிவு செய்துவிட்டால் அடுத்த படைப்புக்கு வீடு திறக்கும்போது எல்லோர் ஃபோனிலும் அந்தப் பாட்டு இருக்கும், தட்டும் பத்திரமாக இருக்கும்.