பெங்களூரிலிருந்து பனிச்சறுக்கு விடுமுறை: குல்மார்க்கா, ஆல்ப்ஸா? திட்டமிடுவோர் முதலில் அறிய வேண்டியவை

பெங்களூரு: பனியே பெய்யாத கர்நாடகத்துக்கும் பனிச்சறுக்குக்கும் தொடர்பில்லை என்று இனிக் கூறுவதற்கில்லை. குடகு மாவட்டத்தைச் சேர்ந்த பவானி தெக்கட நஞ்சுண்டா 2024ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடைபெற்ற பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில், நெடுந்தொலைவுச் சறுக்குப் பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். அதே ஆண்டு குல்மார்க்கிலும் லேயிலும் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பதக்கப் பட்டியலில் ராணுவ அணிக்கு அடுத்த இடத்தைக் கர்நாடகம் பிடித்தது. காபித் தோட்டங்களின் மாவட்டத்தில் பிறந்த ஒருவர், மலையேற்றப் பயிற்சியின் வழியே பனிக்குச் சென்று சேர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பயிற்சி முதலில் வந்தது. பதக்கம் பின்னர் வந்தது.

விடுமுறைக்காகப் பனிச்சறுக்கை நாடும் பெங்களூருவாசிகள் பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகின்றனர். முதலில் ஆல்ப்ஸ் மலையின் பெரிய உல்லாச மையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விமானச் சீட்டும் விடுதியும் பதிவு செய்துவிட்டு, சறுக்கக் கற்பதை அங்கு சென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகின்றனர். செலவு லட்சங்களில் ஆகும் பயணத்தில் முதல் மூன்று நாட்கள் விழுந்து எழுவதிலேயே கழிந்துவிடும். எந்த மையம் பெரியது என்பதைவிட, எந்த வாரத்தில் எங்கே பனி இருக்கும், உடல் தயாரா, காப்பீடு உண்டா என்ற கேள்விகளே இத்திட்டத்தில் முதன்மையானவை.

பள்ளி நாட்காட்டியும் பனி நாட்காட்டியும்

குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்களுக்குப் பெரிய சிக்கல் இதுதான். பெங்களூருப் பள்ளிகளில் நீண்ட விடுமுறை அக்டோபரில் தசராவையொட்டியும், டிசம்பர் இறுதியில் கிறிஸ்துமஸையொட்டியும், ஏப்ரல், மே மாதங்களில் கோடையிலும் வருகிறது. காஷ்மீரில் பனி உறுதியாகக் கிடைக்கும் காலமோ பெரும்பாலும் ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரை. அப்போது இங்கே தேர்வுக் காலம்.

காஷ்மீர மக்கள் கடுங்குளிரின் நாற்பது நாட்களைச் 'சில்லை கலான்' என்று அழைக்கின்றனர். டிசம்பர் 21 அன்று தொடங்கி ஜனவரி இறுதியில் இது முடிகிறது. இந்நாட்களில் பெய்யும் பனியே உறைந்து நிலைத்து நிற்கும். ஆனால் அண்மை ஆண்டுகளில் இக்கணக்கும் தவறத் தொடங்கியுள்ளது. 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க்கின் புல்வெளிகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் முன்பதிவு செய்து சென்றவர்கள் ஏமாற்றத்துடன் திரும்பினர். மாத இறுதியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகளும் பனிப்பற்றாக்குறையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தப்பட்டன. அரசு நடத்தும் தேசியப் போட்டிக்கே இந்நிலை என்றால், நான்கு நாள் சுற்றுலாவுக்கு வரும் குடும்பம் டிசம்பர் மாதத்தை நம்பிப் பணம் கட்டுவது துணிச்சலான செயலே. பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய முன்பதிவுக்குக் கூடுதலாகச் சிறிது செலவிட்டாலும் அது வீணல்ல.

ஏப்ரல் விடுமுறையை மட்டுமே நம்பியிருப்போருக்கு நிலைமை வேறு. குல்மார்க்கின் கீழ்ப்பகுதியில் உள்ள தொடக்கநிலைச் சரிவுகளில் அதற்குள் பனி உருகத் தொடங்கிவிடும். மேலே அபர்வாத் மலையில் பனி இருக்கும் என்றாலும் அது புதியவர்களுக்கான இடமன்று. ஆல்ப்ஸில் உயரமான மையங்கள் மட்டும் அப்போதும் இயங்குகின்றன. பிரான்சில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த வால் தோரன்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. செர்மாட்டில் 3,883 மீட்டர் உயர நிலையம் வரை கம்பிவட ஊர்தி செல்வதால், பனியாற்றின் மீது கோடையிலும் சறுக்க இயலும்.

குல்மார்க்: தொடங்குவதற்கு உகந்த இடம்

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது குல்மார்க். பிரிட்டிஷ் அதிகாரிகள் 1927இல் இங்குப் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றை நிறுவினர். இந்திய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியும் இங்குதான் உள்ளது. கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 1998இலும், அபர்வாத் வரை ஏறத்தாழ 3,950 மீட்டருக்கு ஏற்றிச் செல்லும் இரண்டாம் கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. ஆல்ப்ஸின் பெரும் மையங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏற்றிகள் இருக்க, இங்கே உள்ளவை மிகச் சிலவே. எனினும் முதன்முறை சறுக்குபவருக்குத் தேவைப்படுவது ஒரு மென்மையான சரிவும் ஒரு நல்ல பயிற்றுநரும் மட்டுமே. அவ்விரண்டும் இங்கு உண்டு.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கில் தொடக்கநிலைப் பயிற்சிகளை நடத்துகிறது. பஹல்காமைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவாஹர் மலையேற்ற நிறுவனமும் பனிச்சறுக்குப் பயிற்சி அளிக்கிறது. உபகரணங்கள், தங்குமிடம், உணவு ஆகியவை சேர்ந்த இத்தகைய பயிற்சிகளின் கட்டணம் தனியார் தொகுப்புகளைவிடப் பொதுவாகக் குறைவு. இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிப்பது நலம். ஒரு மணி நேரம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று புகைப்படம் எடுத்துத் தரும் 'பயிற்சி'யும் அங்கே கிடைக்கும். அதனால் எவரும் சறுக்கக் கற்றதில்லை. தனியாகப் பயிற்றுநரை அமர்த்துவோர், அவர் மேற்கண்ட நிறுவனங்களில் ஒன்றில் சான்றிதழ் பெற்றவரா, சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் இரு நாட்கள் விழுவதற்கும் எழுவதற்குமே சரியாக இருக்கும். இரு சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை மூன்றாம் நாளில் கைவரும். பலருக்கு நான்காம் நாளில்தான் இதில் இன்பம் தொடங்குகிறது. ஆகவே மூன்று இரவுத் தொகுப்பு வாங்குவோர், இன்பம் தொடங்கும் நாளில் விமானம் ஏறுகின்றனர்.

பயண ஏற்பாட்டில் சிறு விவரங்கள் பெரிதாகும். பெங்களூரிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி விமானம் இல்லாத நாட்களில் டெல்லி வழியாகச் செல்ல வேண்டும். பனிப்பொழிவாலும் பார்வைத் தெளிவின்மையாலும் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது குளிர்காலத்தில் வழக்கம். திரும்பும் நாளுக்கும் அலுவலகம் செல்லும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி தேவை. தங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரையிலான மலைச்சாலையில் பனி பெய்தால், நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளும் டயர்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளும் மட்டுமே அனுமதிக்கப்படும். பிற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் அட்டைகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. குடும்பத்தில் ஒருவரிடமேனும் போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்க வேண்டும். கோண்டோலாச் சீட்டை இணையத்தில் முன்னதாகவே பெற வேண்டும். காற்று வலுத்தால் இரண்டாம் கட்டம் நிறுத்தப்படும். இதில் எவரும் சினம் கொள்ளத் தேவையில்லை: 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் மரம் ஒன்று கம்பிவடத்தின் மீது சாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அரசின் அறிவிப்புகளைப் பார்ப்பது அவசியம்.

காஷ்மீர் வேண்டாம் என்போருக்கு உத்தராகண்டின் ஆலி உண்டு. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் அங்கே 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்தி வருகிறது. ஆயினும் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியதையடுத்து 2023 ஜனவரியில் ஜோஷிமட்–ஆலி கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. சாலை வழியாகவே மேலே செல்ல வேண்டும். டேராடூன் விமான நிலையத்திலிருந்து ஜோஷிமட் செல்லவே ஒரு முழு நாள் ஆகும். பனியும் அங்குக் குறைந்து வருகிறது. மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கிலும் மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிகள் உண்டு.

பனிச்சரிவு: எல்லைக்கோட்டுக்கு அப்பால்

குல்மார்க்கின் புகழ், செப்பனிடப்படாத தூள்பனிச் சரிவுகளால் வந்தது. ஆபத்தும் அங்கேதான். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாத் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று மற்றொரு பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் மாண்டார். இரண்டாவது நிகழ்வு, மேலே குறிப்பிட்ட பனியற்ற ஜனவரிக்கு அடுத்த மாதமே நேர்ந்தது. நீண்ட வறட்சிக்குப் பின் திடீரெனப் பெய்யும் கனத்த பனி, அடியிலுள்ள பழைய படலத்தோடு ஒட்டாமல் நழுவக்கூடும் என்பது பனி வல்லுநர்கள் நன்கறிந்த இயல்பு. நெடுநாள் காத்திருந்தோர் ஆவலுடன் மேலேறும் நாளும் பெரும்பாலும் அதுவே.

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் உள்ள புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம், ஜம்மு காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. தொடக்கநிலையினர் பள்ளத்தாக்குத் தளத்தில் உள்ள சரிவுகளிலேயே இருந்தால் இக்கவலை பெரிதும் குறையும். பனி ரோந்துக் குழுவினர் கட்டிய கயிற்றைத் தாண்டிச் செல்வது எவ்வளவு தேர்ந்தவருக்கும் தகாது.

ஆல்ப்ஸ் செல்லத் துணிந்தோருக்கு

ஒரு முறை குல்மார்க்கில் சறுக்கிப் பழகியவருக்கு ஆல்ப்ஸின் பரப்பு பொருளுடையதாகும். பிரான்சின் கூர்ஷெவல், மெரிபெல், வால் தோரன்ஸ் ஆகியவற்றை இணைக்கும் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதியில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளச் சறுக்குத் தடங்கள் உள்ளன. பிரான்சில் தடங்கள் எளிமையிலிருந்து கடினம் நோக்கிப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என வகுக்கப்படும்; சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பொதுவாக நீலமே எளிய தடம். அத்தனை தடங்களுக்கும் சேர்த்து ஆறு நாள் அனுமதிச்சீட்டு வாங்குவது தொடக்கநிலையினருக்கு வீண் செலவு. ஒரே பள்ளத்தாக்குக்கான சீட்டு மலிவானது. பல ஊர்களில் குழந்தைகளும் புதியவர்களும் பழகும் சிறு ஏற்றிகள் இலவசம்.

பெங்களூரிலிருந்து பாரிசுக்கும் பிராங்பர்ட்டுக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். டிசம்பர் பயணத்துக்கு நவம்பரில் நேர்காணல் நாள் தேடுவது மனஅழுத்தத்தைத் தானே வரவழைப்பதாகும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடமே விசா கோர வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ.

அங்கே வாடகைக் குடியிருப்புகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என ஒரு வாரக் கணக்கில் விடப்படுகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும், பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு விடுமுறையான பிப்ரவரி வாரங்களும் மிக விலையுயர்ந்தவை. ஜனவரியின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கூட்டமும் விலையும் தணியும். பொங்கல் விடுமுறையை ஒட்டிச் சில நாட்கள் விடுப்பு எடுக்க இயன்றவர்களுக்கு அது நற்பேறு.

விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடு பனிச்சறுக்கு விபத்தை ஏற்கும் என்று எண்ணிவிடலாகாது. பல பயணக் காப்பீடுகள் குளிர்கால விளையாட்டுகளை விலக்குகளின் பட்டியலில் வைத்துள்ளன. தனிச் சேர்க்கையாகவே அதை வாங்க வேண்டும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டால் வரும் கட்டணம், முழு விடுமுறைச் செலவையும் விஞ்சக்கூடும். இத்தாலியில் சறுக்குபவர் பிறருக்கு விளைவிக்கும் சேதத்துக்கான காப்பீடு 2022 ஜனவரி முதல் கட்டாயமாக உள்ளது.

உடலும் உடையும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளது என்றாலும், குல்மார்க் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உயரம். முதல் நாளை ஓய்வுக்கும் சிறு நடைக்கும் ஒதுக்குவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா உள்ளோர் மருத்துவரைக் கலந்த பின்னரே செல்ல வேண்டும். சறுக்கும்போது சுமை முழுவதையும் தொடைகளும் முழங்கால்களும் தாங்குகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன்பே லிஃப்டைத் தவிர்த்துப் படியேறுவதும், வார இறுதியில் நந்தி மலைப் படிகளில் ஏறி இறங்குவதும் போதிய தயாரிப்பாகும். ஏறுவதைவிட இறங்குவதே இங்குக் கூடுதல் பயன் தரும்.

சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாடகைக்கு எடுக்க வேண்டியவை. விலைக்கு வாங்க வேண்டா. பூட்ஸ் இறுக்கமாக இருப்பது குறையன்று, தேவை. அதற்குள் இரண்டு காலுறைகள் அணிவது புதியவர்களின் பொதுவான தவறு, ஒன்றே போதும். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பூட்டு, அணிபவரின் எடை, உயரம், திறன் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். கூச்சத்தால் எடையைக் குறைத்துச் சொல்வோரும், திறனை மிகைத்துச் சொல்வோரும் உண்டு; அந்தப் பொய்யின் விலையை முழங்கால் தசைநார் கொடுக்கிறது.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் உலராது. உடலோடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ், மேலே நீர்புகா மேலாடை என அடுக்காக அணிய வேண்டும். நீர்புகாக் கையுறையும் கண்ணாடியும் தவிர்க்க இயலாதவை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் தாடையின் கீழும் மூக்குத் துளையின் ஓரத்திலும் சுடும் என்பதால், சன்ஸ்கிரீனை அவ்விடங்களிலும் தடவ வேண்டும்.