ஊவாத் தோட்டங்களில் ஒரே பந்தி: கிறிஸ்தவர் கூட்டு வழிபாட்டின் வரலாறு

இறைவனை வழிபடும் நெறிகள் பல. ஆற்றங்கரையிலே தனித்திருந்து தியானிப்பவனும் வழிபடுகின்றான். ஆயிரவரோடு தேர்வடம் பிடித்து நடப்பவனும் வழிபடுகின்றான். இந்து சமயம் இவ்விரு நெறிகளுக்கும் இடமளித்துள்ளது. கிறிஸ்தவ சமயம் தனிச் செபத்தைப் போற்றினும், கூடி வழிபடுதலையே தன் வாழ்வின் நடுநாயகமாக வைத்தது. கட்டடத்தைக் கோயில் என்றும், அதனுட் கூடும் மக்களைச் சபை என்றும் தமிழ்க் கிறிஸ்தவர் வேறுபடுத்தி வழங்குவர். கோயில் இல்லாத இடத்திலும் சபை இருக்கலாம். சபை இல்லாத கோயிலோ வெறுங் கல்லும் மண்ணுமே.

இவ்வுண்மையை இலங்கையின் ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாறு தெளிவாகக் காட்டும். நமுனுகுலை மலைச்சாரலை அடுத்த பசறையிலும், அதனைச் சூழ்ந்த மடுல்சீமை, லுணுகலை, தெமோதரைப் பகுதிகளிலும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களிலே வாழும் தமிழருள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர் சிறு தொகையினர். ஆயினும் அச்சிறு தொகையினரின் கூட்டு வழிபாடு எழுப்பும் வினா பெரிது. ஒன்றாய்ப் பாடுவோர் ஒன்றாய் அமர்வாரோ? ஒன்றாய் அமர்வோர் ஒன்றாய் உண்பாரோ? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வோம்.

இவ்வினா கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது. முதற் சீடர்கள் கூடிச் செபித்து, அப்பம் பிட்டு, உடைமையைப் பகிர்ந்து வாழ்ந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். சில ஆண்டுகளுக்குள்ளேயே கொரிந்து நகரச் சபையில் அவ்வொழுங்கு குலைந்தது. வசதியுடையோர் முன்னரே வந்து வயிறார உண்டனர். உழைத்துக் களைத்துப் பிந்தி வந்த ஏழைகள் பசித்திருந்தனர். இவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று பவுல் அச்சபையாரைக் கடிந்து எழுதினார். வழிபாடு முறைப்படி நடந்ததா என்பதன்று, பந்தி ஒன்றாய் இருந்ததா என்பதே அவர் கேட்ட கேள்வி.

ஏறத்தாழ கி.பி. 112-ஆம் ஆண்டில், சின்ன ஆசியாவின் பித்தினியா நாட்டை ஆண்ட உரோம அதிகாரி பிளினி, கிறிஸ்தவரைப் பற்றித் தன் பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினான். குறித்த நாளிலே விடியுமுன் கூடிப் பாடுதலும், பின்னர் மீண்டும் கூடி எளிய உணவு கொள்ளுதலும் அவர்தம் வழக்கம் என அதிற் குறித்தான். சங்கங்கள் கூடுவதைத் தான் தடுத்தபின் உணவுக்கெனக் கூடுவதை அவர்கள் நிறுத்திவிட்டனர் என்ற செய்தியும் அதிலுண்டு. உண்மையறியும் பொருட்டு அவன் வதைத்து வினவியது, சபையிலே பணிவிடை செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களை. விடியுமுன் அவர்கள் கூடியதற்குக் காரணம் ஊகித்தற்கு எளிது. விடிந்தபின் அடிமையின் பொழுது எசமானனுக்கு உரியது. பேரரசன் கொன்ஸ்தந்தீன் 321-ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கினான். எனினும் அச்சட்டம் நகரத்தாருக்கே ஓய்வளித்தது. வயலில் உழைப்போர் அன்றும் உழைக்க இடம் வைத்தது. நிலத்தில் உழைப்பவனுக்கும் வழிபாட்டு நாளுக்கும் இடையிலுள்ள இழுபறி அத்துணைப் பழமையானது.

தமிழ் நாட்டிற்குப் புரட்டஸ்தாந்து சமயம் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடி வழியாக வந்தது. தமிழ்ச் சபைகள் கூட்டு வழிபாட்டிற்குத் தம் மண்ணின் வடிவங்களை அளித்தன. அவற்றுள் தலையாயது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசை மெட்டுக்களிலே இயற்றிய பாடல்கள் எழுத்தறியாதார் நாவிலும் குடியேறின. மதுரையில் ஊழியஞ் செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியபின், அவை சபை வழிபாட்டில் உறுதியாக நிலைபெற்றன. திருநெல்வேலிச் சபைகளிலே இன்னும் இரண்டு வழக்கங்கள் வேரூன்றின. ஒன்று, உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைத்துச் சபைக்குக் காணிக்கையாக்குதல். மற்றொன்று, கோயிற் பிரதிஷ்டைப் பண்டிகையின் போது ஊரார் கூடி ஆக்கிப் படைக்கும் அசனம். ஏழைப் பெண்ணின் பிடியரிசியும் செல்வனின் மூட்டையரிசியும் ஒரே சோறாகும் இடம் அசனப் பந்தி.

ஆயினும் பந்தியைச் சாதி பிரித்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. தஞ்சை, சென்னைச் சபைகளில் மேற்சாதியார் தனித்தமர்ந்து, நற்கருணையையும் முன்னதாகப் பெற்றனர். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் இவ்வேற்றுமைகளை அடியோடு நீக்குமாறு கட்டளையிட்டார். பலர் சபையை விட்டு விலகினர். எல்லாச் சாதியாரும் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரே, சாதி வழக்கத்தை மிஷனரிமார் நீக்க முயல்வதை எதிர்த்து எழுதியவர் என்பது வரலாற்றின் வியப்பு. கத்தோலிக்கரிடையேயும் இவ்வழக்கு இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் இரு சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் ஆண்டிலேதான் இடிக்கப்பட்டது.

பாடலும் பிடியரிசியும் சாதியும் ஆகிய இம்மூன்றையுமே மூட்டையாகக் கட்டிக்கொண்டு தமிழர் கண்டிச் சீமைக்கு வந்தனர். 1830-களிற் பெருகிய கோப்பித் தோட்டங்களும், கோப்பியை நோய் அழித்தபின் அதனிடத்தைப் பெற்ற தேயிலைத் தோட்டங்களும் அவர்களை அழைத்தன. கங்காணி தன் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தமையால், ஊரிலிருந்த சாதி வரிசை லயங்களிலும் புகுந்தது. செக்ரோலிலே மனிதன் ஒரு நாட்கூலிக் கணக்கு. பிரட்டுக் களத்திலே ஒரு சோடிக் கை.

பதுளையில் புனித மாற்கு ஆலயம் 1857-ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்று, 1845-இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்ற அரசாங்க அதிகாரியின் நினைவாக எழுந்தது அக்கோயில். ஏறக்குறைய அதே காலத்தில், 1854-ஆம் ஆண்டு, தோட்டத் தமிழருக்கெனத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கிற்று. பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த துரைமார் பொருளுதவினர். சர்ச் மிஷனரிச் சங்கம் அதனை நடத்தியது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். துரைமார் தந்த பணத்தில் ஈகையும் இருந்தது. ஒழுங்கான தொழிலாளர் வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது எனலாம். மிஷனின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் அமர்ந்தமை அக்காலத்து மனப்பாங்கைக் காட்டும்.

அவ்வுபதேசி தோட்டந் தோட்டமாக நடந்தார். கொழுந்து நிறுத்து முடிந்தபின், லயத்து வாசலிலோ பள்ளிக்கூடக் கொட்டிலிலோ விளக்கேற்றிச் சபை கூடிற்று. வேதம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே எனினும், கீர்த்தனை பாடத் தெரியாதவர் எவருமிலர். ஞானஸ்நானத்திலே ஒவ்வொரு பிள்ளையும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது. கணக்காக எண்ணப்பட்ட மனிதன் பெயராக அழைக்கப்பட்ட இடம் அது. தோட்ட மக்களுக்குக் கூட்டு வழிபாட்டின் முதற் பயன் இதுவே.

இரண்டாவது பயன் திருவிழாவால் விளைந்தது. நத்தார்க் காலத்தில் லயந்தோறும் செல்லும் கீதபவனி, ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனை, பெரிய வெள்ளியின் நோன்பு, உயிர்ப்பு ஞாயிறு, விளைபொருளைப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஆகியன ஆண்டு வட்டத்துக்கு உருவம் கொடுத்தன. கத்தோலிக்கரிடையே கொடியேற்றமும், நவநாளும், புனிதர் சுரூபத்தை ஏந்திய பவனியும் நிகழ்ந்தன. மாரியம்மன் திருவிழாவையும் காமன் கூத்தையும் கண்டு வளர்ந்த மக்களுக்குக் கொடியும் பவனியும் அந்நியமாகத் தோன்றவில்லை. அயல் லயத்து இந்துக்கள் நத்தார்ப் பலகாரம் உண்டனர். பொங்கற் பானையின் பங்கு கிறிஸ்தவர் வீட்டுக்கும் சென்றது. கூலி வேறுபாடும் மதவேறுபாடும் அறியாத பந்தி அன்று ஒருநாளாயினும் விரிந்தது.

ஐரோப்பிய வழிபாட்டு மொழி கத்தோலிக்கரிடையே நெடுநாள் நீடித்தது. மக்கள் தமிழில் மன்றாட்டும் பாட்டும் சொல்லினும், திருப்பலி இலத்தீனிலேயே நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 திசெம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், மக்கள் முழுமையாகப் பங்குகொள்ளல் வேண்டுமென விதித்து, மக்கள் மொழிக்கும் வழி திறந்தது. குருவானவர் மக்களை நோக்கி நின்று தமிழிலே திருப்பலி நடத்தலானார். பார்த்திருந்தவர்கள் பங்காளராயினர்.

இம்மாற்றம் வேரூன்றுமுன் வேறொரு சோதனை வந்தது. 1966-ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையினின்று போயா நாளுக்கு மாற்றப்பட்டது. பிறைக் கணக்கின்படி அந்நாள் கிழமை மாறி மாறி வந்தது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் கிறிஸ்தவருக்கு ஞாயிறு வேலைநாளாயிற்று. வேலைக்கு முன்னரோ பின்னரோ கூடுதலே அவர்க்கு இயன்றது. பிளினி கண்ட விடியற்காலைச் சபை மீண்டும் தோன்றிற்று எனலாம். 1971-ஆம் ஆண்டில் ஞாயிறு விடுமுறை மீண்டது. பெரும்பான்மையோரின் புனித நாளைப் போற்றுதல் முறையே; ஆயின் சிறுபான்மையோர் கூடும் பொழுதைக் காப்பதும் அரசின் கடன் என்பதை அவ்வைந்தாண்டு உணர்த்திற்று.

1972-ஆம் ஆண்டு திசெம்பரில் கண்டி மறைமாவட்டத்தினின்று பிரிந்து பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, சிறியதும் வறியதுமான பதுளைக்கு வந்து அதன் முதல் ஆயரானார். 1982-இல் மறையும் வரை எளிய வாழ்வு வாழ்ந்து, வழிபாட்டையும் ஏழையின் உரிமையையும் பிரிக்கவொண்ணாது என்று கற்பித்தவராக அவர் நினைக்கப்படுகிறார். பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வியை ஊவா மலைகளில் மீண்டும் கேட்டவர் அவர்.

அக்கேள்வி எழவேண்டிய காலமே அது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கிற்று. ஒரே பந்தியில் அமர்ந்தோர் இரு நாட்டினராயினர். கப்பலேறியோருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். பாட்டன் கொண்டுவந்த கீர்த்தனையைப் பேரன் திருப்பிக் கொண்டுசென்றான். இலங்கையில் எஞ்சியோருட் குடியுரிமை பெறாதிருந்தோரின் வழக்கை 2003-ஆம் ஆண்டின் சட்டமே தீர்த்து வைத்தது. அரசுகள் மக்களை எண்ணிப் பிரித்த அரை நூற்றாண்டிலும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சேர்த்து வைத்த இடங்களாகத் தோட்டத்துக் கோயில்களும் சபைகளும் நின்றன.

ஒன்றாய்ப் பாடுவோர் ஒன்றாய் அமர்வாரோ என்பது தொடக்கத்தில் எழுந்த வினா. பாட்டு எளிதில் ஒன்றுபடுத்தும், ஆசனம் அவ்வாறன்று, பந்தியோ மிக அரிது என்பதே வரலாறு தரும் விடை. தஞ்சையிலே பாட்டு ஒன்றாகியும் ஆசனம் பிரிந்திருந்தது. வடக்கன்குளத்திலே கூரை ஒன்றாகியும் சுவர் நடுவில் நின்றது. பந்தி ஒன்றான இடங்களிலெல்லாம் சபை பிழைத்தது. இவ்வளவுகோல் கிறிஸ்தவ சமயத்துக்கு மட்டும் உரியதன்று. எல்லோரும் கூடித் தேர்வடம் பிடித்தபின், அன்னதானப் பந்தியில் யார் எங்கே அமர்கின்றனர் என்பது எச்சமயத்தாரும் தம்மைத் தாமே கேட்கத்தக்க கேள்வி. பசறை மலைச்சரிவின் லயத்து வாசலில், வேலை முடிந்து கைகழுவி வந்து ஒரு விளக்கைச் சூழ்ந்து அமர்ந்த சிறு கூட்டம் அக்கேள்விக்குத் தன்னாலியன்ற விடையைத் தந்தது. அதனை மறவாதிருத்தல் வரலாறு கற்போர் கடன்.