எரியாமலே இல்லாமல் போன நூலகம்

நூலகம் அழிந்தது என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1981. மே 31 இரவு, யாழ்ப்பாணம், ஏறத்தாழ 97,000 நூல்கள். அது ஒரு குற்றம் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் நெருப்பே இல்லாமலும் ஒரு நூலகம் இல்லாமல் போகலாம். முதலில் ஒரு வரைபடம் வரும், பிறகு ஒரு அறிவித்தல், பிறகு பாராளுமன்றத்தில் ஒரு அமைச்சரின் பதில், கடைசியில் இடிக்கும் இயந்திரம். எல்லாம் சட்டப்படிதான் நடக்கும். சிங்கப்பூரின் பழைய தேசிய நூலகம் அப்படித்தான் போனது. அதைக் காப்பாற்ற முயன்றவர்கள் தோற்றுப்போனார்கள். இருந்தாலும் அந்தத் தோல்வியில் எங்களுக்குத் தேவையான பாடம் இருக்கிறது.

கதை 1953இல் தொடங்குகிறது. அப்போது சிங்கப்பூர் பிரித்தானியக் குடியேற்ற நாடு. அங்கே இருந்த ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டினால்தான் புத்தகம் இரவல் எடுக்கலாம். புத்தகங்களும் பெரும்பாலும் ஆங்கிலம். ரப்பர் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த லீ கொங் சியான், புதிய நூலகம் கட்ட 375,000 டொலர் தர முன்வந்தார். சும்மா தரவில்லை, நிபந்தனையோடு தந்தார். நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களின் மொழிகளுக்கும் அங்கே இடம் வேண்டும். 1957இல் அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12 அன்று ஸ்டாம்ஃபோர்ட் வீதியில், ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. சீனம், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

கட்டடம் வடிவா? அதில் அப்போதே சண்டை இருந்தது. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நின்ற அரும்பொருட்காட்சியகத்துக்கு இது பொருந்தவில்லை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் சனம் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்க, நண்பர்களைச் சந்திக்க, வெயிலுக்கு ஒதுங்க என்று நாற்பது வருடங்களாக அங்கே வந்துகொண்டே இருந்தார்கள். 1997இல் 2.6 மில்லியன் டொலர் செலவழித்து அதைப் புதுப்பித்தார்கள்.

அடுத்த வருடமே வந்தது செய்தி. நகர நடுவில் புதிய பல்கலைக்கழக வளாகம் வரப்போகிறது. வாகன நெரிசலைக் குறைக்கக் குன்றுக்கு அடியால் ஒரு சுரங்கப்பாதை போகப்போகிறது. பாதை வரும் இடத்தில் நூலகம் நிற்கிறது. ஆகவே நூலகத்தை உடைக்க வேண்டும்.

வீதியில் இறங்கிக் கோஷம் போடுவது சிங்கப்பூரில் லேசான காரியம் இல்லை. அதனால் எதிர்ப்பு எழுத்தாக வந்தது. பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. 1999 மார்ச்சில் பல்கலைக்கழகம் நடத்திய பொதுக் கலந்துரையாடலில் வளாகத்தைவிட நூலகம்தான் பெரிய பேச்சானது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் குரல் கொடுத்தது. 2000 ஜனவரியில் கட்டடக் கலைஞர் டே கெங் சூன் இன்னும் ஒரு படி மேலே போனார். “உடைக்காதே” என்று சொல்வதோடு நிற்காமல், சுரங்கப்பாதையை வேறு பக்கமாகத் திருப்பி, நூலகத்தையும் வைத்துக்கொண்டு வளாகத்தை அமைக்க ஒரு மாற்றுத் திட்டத்தையே வரைந்து காட்டினார்.

அரசாங்கத்திடம் பதில் ஏற்கனவே இருந்தது. இந்தக் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கும் அளவுக்குக் கட்டடக் கலைச் சிறப்பு உடையதல்ல என்றார்கள். 2000 மார்ச் 7 அன்று, நூலகம் போகத்தான் வேண்டும் என்று அமைச்சர் மா போ டான் பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டார். 2004 மார்ச் 31 அதன் கடைசி நாள். அதே வருடம் உடைத்தார்கள். 2007இல் சுரங்கப்பாதை திறந்தது. நீளம் 350 மீற்றர். வாகனத்தில் போகிறவருக்குச் சில நிமிடங்கள் மிச்சம்.

நேர்மையாகப் பார்த்தால் அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2005இல் திறந்த புதிய தேசிய நூலகம் பதினாறு மாடி. பழையதைவிட எவ்வளவோ வசதி. ஒரு புத்தகம்கூட எரியவில்லை. அப்படியென்றால் சனம் எதை இழந்தது?

இரண்டு தரப்பும் இரண்டு அளவுகோல்களை வைத்திருந்தன என்பதுதான் எங்களுடைய வாசிப்பு. அதிகாரிகள் கட்டடத்தின் முகப்பை அளந்தார்கள். மக்கள் அதன் பாவனையை அளந்தார்கள். அரண்மனை, கோட்டை, கோயில் எல்லாம் முதல் அளவுகோலில் சுலபமாகத் தப்பிவிடும். சாதாரண மனிதர் காசு கொடுக்காமல் போய் உட்கார்ந்த இடங்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. ஒரு நூலகம், ஒரு சந்தை, ஒரு நகர மண்டபம் ஏன் முக்கியம் என்பது அதன் தூணில் எழுதியிருக்காது. அதைப் பாவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அவர்களும் சொன்னார்கள். ஆனால் கேட்கப்பட்டபோது முடிவு எடுத்தாயிற்று. பலகையில் வரைபடத்தைத் தொங்கவிட்ட பிறகு “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டால் அது கலந்தாலோசனை ஆகாது.

ஆனாலும் அந்தக் கடிதங்கள் வீண் போகவில்லை. இடிப்பதற்கு முன்பே, 2000இல், மரபுடைமைச் சங்கம் அந்த நூலகத்தின் நினைவுகளைப் பற்றி ஒரு நூலே கொண்டுவந்தது. எந்தக் கட்டடம் யாருக்கு முக்கியம் என்று பொதுவெளியில் வாதாடும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 1973இல் கட்டப்பட்ட கோல்டன் மைல் கட்டடத் தொகுதியையும் சிலர் அசிங்கம் என்றுதான் சொன்னார்கள். கட்டடக் கலைஞர்களும் மரபுரிமை ஆர்வலர்களும் விடாமல் பேசினார்கள். 2021இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஊர்களிலும் “அபிவிருத்தி” என்று எழுதிய பலகைகள் நிற்கின்றன. பழைய சந்தை, பழைய ரயில் நிலையம், பழைய பாடசாலை மண்டபம் எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. ‘பழைய கட்டடம்தானே, உடைச்சா என்ன?’ என்ற கேள்வி வரும்போது பதில் தேடத் தொடங்கினால் காலம் பிந்திவிடும். பலகை வருமுன்பே அந்த இடத்தைப் படம் எடுப்போம். அங்கே வேலை செய்தவர்களிடமும் வந்து போனவர்களிடமும் கதை கேட்டு எழுதி வைப்போம். திட்டம் வரையும் மேசையில் எங்களுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்று பிரதேச சபையிடம் இப்போதே கேட்போம்.

ஸ்டாம்ஃபோர்டில் அந்த நூலகத்தின் இரண்டு செங்கல் வாசல் தூண்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு நடுவால் நுழைந்தால் போய்ச் சேர இப்போது நூலகம் இல்லை.