சுடுகாட்டு மல்லியும் வைரவர் வாகனமும்

நித்தியகல்யாணிச் செடி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஊதாவுலயும் வெள்ளையிலயும் அஞ்சு இதழ் பூ. வருஷம் பூரா பூக்கும், தண்ணி ஊத்தாட்டியும் சாகாது, ஆடு மாடு வாய் வைக்காது. சில ஊர்ல இதுக்கு சுடுகாட்டு மல்லின்னே பேரு. எங்க திருவாண்டார்கோயில்ல வேலியோரமெல்லாம் இதுதான். ஒரு பேர்ல கல்யாணம், இன்னொரு பேர்ல சுடுகாடு. இந்தச் செடியில இருந்து எடுத்த மருந்துதான் ஏழு மாசமா எங்க வீட்டு நாயை நடமாட வச்சிருக்கு. அதனாலதான் இந்த வரலாற்றுப் பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னாலும் இதை எழுதாம இருக்க முடியல.

கருப்பன் சுத்தமான நாட்டு நாய். வயசு ஒன்பது. தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருக்குன்னு கண்டுபிடிச்சது அம்மா. ஊசி குத்தி எடுத்துப் பார்த்தா லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். முதல்ல காட்டின இடத்துல அந்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாம, "நாட்டு நாய்க்கு இதெல்லாம் எதுக்கு சார்?"னு கேட்டாரு. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டாரு. "பட்டணத்துப் பணக்காரப் பழக்கம்டா தம்பி இது."

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. பிழைக்காதுன்னு தெரிஞ்ச ஒரு மிருகத்துக்கு வைத்தியம் பாக்குறது நெஜமாவே புதுப் பழக்கமா? தேடிப் பார்த்தேன்.

பாறையில எழுதின உத்தரவு

அசோகரோட இரண்டாம் பாறைக் கல்வெட்டு கி.மு. மூணாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனுஷங்களுக்கு ஒண்ணு, விலங்குகளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை வைத்தியத்துக்கு ஏற்பாடு பண்ணியிருக்கிறதா அதுல சொல்றாரு. எங்கெங்கன்னு ஒரு பட்டியலும் இருக்கு. அவரோட நாட்டுல மட்டும் இல்ல, எல்லைக்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகள்லயும், இலங்கையிலயும்கூட. மருந்துச் செடி இல்லாத இடத்துக்கு வேற இடத்துல இருந்து கொண்டுவந்து நட்டதாவும் சொல்லுது. ராஜாக்கள் கல்வெட்டுல கொஞ்சம் பீத்திக்கிறது சகஜம்தான். ஆனாலும் விலங்குக்கு வைத்தியம் பண்றது பெருமையா சொல்லிக்கிற விஷயமா அன்னைக்கே இருந்திருக்கு பாருங்க.

எங்க ஊரும் இதுல சும்மா இல்ல. சம்பந்தர் பாடின திருவடுகூர் இதுதான். வடுக வைரவர் முண்டாசுரனைக் கொன்ன பாவம் தீர இங்க வந்து வழிபட்டார்னு தலபுராணம். வைரவருக்கு வாகனம் யாரு? நம்ம கருப்பனோட சொந்தக்காரங்கதான்! (தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். சிரிச்சாரே தவிர ஒத்துக்கல.)

கொம்புல வந்த புத்து

புற்றுநோய் வந்த மிருகம் கிராமத்துக்குப் புதுசு இல்ல. எருதுகளுக்குக் கொம்போட அடியில வர்ற புற்றுநோய் உலகத்துல மத்த இடங்கள்ல அபூர்வம், இந்தியாவுல சகஜம். அதுவும் காயடிச்ச எருதுகளுக்குத்தான் ரொம்ப அதிகம். மாடு தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கும், உதறும், ஒரு பக்க மூக்குல ரத்தம் வரும், கடைசியில கொம்பே ஆடிப்போய் வளைஞ்சு தொங்கும். நுகத்தடி உரசுறது, கொம்பைச் சீவுறது, பெயின்ட் அடிக்கிறதுன்னு பல காரணம் சந்தேகப்படுறாங்க. பத்து வருஷம் ஏர் இழுத்த மாட்டுக்கு இது வந்தா விவசாயி முன்னால பெரும்பாலும் ரெண்டே வழிதான் இருந்துச்சு. ஒண்ணு சந்தை, இல்லைன்னா கொட்டாயில கட்டிப்போட்டு கண்ணு முன்னாலயே சாக விடுறது.

மூணாவது வழிக்கு ஆஸ்பத்திரி வேணும். சென்னையில கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல தொடங்குச்சு. எங்க புதுச்சேரி குரும்பாப்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி 1994ல வந்துச்சு. கொம்பை அடியோட அறுத்து எடுக்குற ஆபரேஷன் இன்னைக்கு நம்ம நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகின வேலை. சில மாட்டுக்குக் கூடவே வின்கிரிஸ்டின்னு ஒரு ஊசியும் போடுவாங்க.

அந்த வின்கிரிஸ்டின்தான் நம்ம சுடுகாட்டு மல்லி.

இருபத்தஞ்சு இலை

நித்தியகல்யாணிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். பல நாட்டு நாட்டுவைத்தியத்துல இதைச் சர்க்கரை வியாதிக்குக் கஷாயமா குடிச்சிருக்காங்க. 1952ல ஜமைக்காவுல இருந்து 25 இலை ஒரு கவர்ல கனடாவுக்குப் போச்சு. வாங்கினவர் டாக்டர் கிளார்க் நோபிள், அவர் அதைத் தம்பி, ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள்கிட்ட குடுத்தாரு. எலிக்குக் குடுத்துப் பார்த்தா சர்க்கரை குறையவே இல்ல. ஆனா ரத்தத்துல வெள்ளை அணுக்கள் சடார்னு குறைஞ்சுது. வெள்ளை அணு கன்னாபின்னான்னு பெருகுறதுதானே ரத்தப் புற்றுநோய்? உடனே பொறி தட்டிடுச்சு. சார்லஸ் பீர்னு ஒரு வேதியியல்காரரோட சேர்ந்து 1958ல வின்பிளாஸ்டினைப் பிரிச்சு எடுத்தாங்க. அமெரிக்காவுல எலை லில்லி கம்பெனியும் தனியா இதே செடியை நோண்டிக்கிட்டிருந்துச்சு. அங்க கிடைச்சதுதான் வின்கிரிஸ்டின். 1963ல அமெரிக்க அரசு அனுமதி குடுத்துச்சு. டன் கணக்குல காய்ஞ்ச இலையைப் போட்டா கிராம் கணக்குலதான் மருந்து கிடைக்கும். நம்ம தென்மாவட்டங்கள்ல வானம் பார்த்த பூமியில இதைப் பயிராவே போடுறாங்க.

(வேலியில இருக்கிற இலையைப் பறிச்சு கஷாயம் போட்டு நாய்க்குக் குடுத்துடாதீங்க சாமி! செடி அப்படியே விஷம். மருந்தைக்கூட ரத்தக்குழாய்க்குள்ள ஜாக்கிரதையா ஏத்தணும். வெளியே கசிஞ்சா சதை வெந்துரும்.)

தெருநாய்களுக்கு இனப்பெருக்க உறுப்புல வர்ற தொத்துப் புற்றுநோயை இதே ஊசி சில வாரத்துல பெரும்பாலும் முழுசா குணமாக்கிடும். லிம்ஃபோமா கதை வேற. வைத்தியமே இல்லாட்டி ஒண்ணு ரெண்டு மாசம். பல மருந்தைச் சேர்த்துக் குடுத்தா பல நாய்களுக்குக் கட்டி கரையும், சுமாரா ஒரு வருஷம் கிடைக்கலாம். அப்புறம் பெரும்பாலும் திரும்பி வந்துரும்.

எனக்கு முக்கியமா பட்டது இதுதான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு இதே மருந்தைக் குடுக்குறது குணமாக்க. முடி கொட்டினாலும் வாந்தி எடுத்தாலும், பொழச்சுக்கும்னு தாங்கிக்கிறோம். நாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது. நாளைக்கு நல்லாயிரும்னு அதுக்கிட்ட சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால கால்நடை வைத்தியத்துல மருந்தோட அளவையே, அது படுத்துக்காத மாதிரி குறைச்சுத்தான் வைக்கிறாங்க. குறி குணம் இல்ல, நல்ல நாள்.

சேலத்து ராஜேஸ்வரி

நல்ல நாள் தீர்ந்து போனா? சட்டம் இங்க வருது. ருக்மிணி தேவி அருண்டேல்னா நமக்குக் கலாக்ஷேத்ராதான் ஞாபகம் வரும். மாநிலங்களவையில விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். அதோட தொடர்ச்சியா 1960ல சட்டம் வந்துச்சு. 1962ல சென்னையில விலங்குகள் நல வாரியம் தொடங்கினப்ப அவரே முதல் தலைவர். இனிமே உயிரோட வச்சிருக்கிறதே கொடுமைங்கிற நிலையில இருக்கிற விலங்கை வலியில்லாம அனுப்பி வைக்க அந்தச் சட்டத்தோட 13ஆம் பிரிவு இடம் குடுக்குது.

2018 ஏப்ரல்ல இந்தப் பிரச்சனை சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்துச்சு. சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழுந்திரிக்க முடியாம படுத்த படுக்கையா புண்ணோட கிடந்துச்சு. உயிரோட வச்சிருக்கிறது கொடுமைன்னு கால்நடை மருத்துவர் சான்று குடுத்தா கருணைக்கொலை பண்ணலாம்னு நீதிமன்றம் சொல்லுச்சு. அதுக்குத் தேவையே வரல. சில நாள்ல அது தானாவே போய்ச் சேர்ந்துருச்சு. கோயில் யானைக்கே இந்தக் கேள்வியைக் கேட்ட ஊர் நம்ம ஊர்.

இப்போ

போன மாசம் கருப்பனுக்குக் கட்டி திரும்ப வந்துருச்சு. வேற மருந்து இருக்கு, ஆனா முதல் தடவை கேட்ட அளவுக்குக் கேக்காதுன்னு இப்ப பாக்குற டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. நானும் அம்மாவும் பேசி ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். இப்ப பிரெட்னிசலோன் மாத்திரை மட்டும். நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமா சோறு, எட்டுற இடத்துல தண்ணி, படுக்கைக்கு மெத்துனு பழைய கம்பளி.

பொட்டி தட்டுறவன் புத்தி, காலண்டர்ல ஒரு கணக்கு வச்சிருக்கேன். தானா சாப்பிட்டானா, தானா எழுந்து வெளிய போனானா, அம்மா வந்தா வால் ஆட்டுனானா. மூணுல ரெண்டு இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. ஒரு வாரத்துல பச்சையைவிடச் சிவப்பு அதிகமானா டாக்டரை வீட்டுக்கே கூப்பிடுறதா பேசி வச்சிருக்கோம். அந்த நாள் நான் பெங்களூர்ல இருக்கக் கூடாதுன்னுதான் இந்த மாசம் பூரா வீட்டுல இருந்தே வேலை.

இந்த வாரம் நாலு பச்சை, மூணு சிவப்பு. நேத்து சாயங்காலம் தாத்தா ஒரு பொட்டலத்துல வறுத்த கருவாடு கொண்டுவந்து, "உப்பு இல்லாம பண்ணச் சொன்னேன், குடு"ன்னுட்டுப் போனாரு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. உங்க நாய்க்குக் கட்டி தட்டுப்பட்டா முதல்ல ஊசி குத்திப் பரிசோதனை பண்ணுங்க. என்னன்னு தெரியாம பிரெட்னிசலோன் ஆரம்பிச்சுட்டா, அப்புறம் குடுக்குற கீமோ சரியா வேலை செய்யாமப் போகலாம்.