மணலுக்கடியில் ஒரு நீர்க்கிடங்கு



மழைநீரைப் பீப்பாய்களில் பிடித்து வைக்கிறோம். அணைகட்டித் தேக்கியும் வைக்கிறோம். நல்ல நீரை நிலத்துக்கடியில் சேமித்து, வேண்டும்போது எடுக்கும் முறையும் உண்டு. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரம் அதனை எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதை இன்று காண்போம்.

அம்ஸ்டர்டாம் கால்வாய்கள் நிறைந்த நகரம். ஆயினும், அக்கால்வாய் நீர் குடிக்க உதவாது. மழைநீரையும் படகுகளில் வந்த ஆற்று நீரையும் நம்பியே மக்கள் வாழ்ந்தனர். 1832, 1849 ஆகிய ஆண்டுகளில் காலரா நோய் பலரைப் பலிகொண்டது. பின்னர், மேற்கே கடலோர மணல்மேடுகளில் ஊறியிருந்த மழைநீர் குழாய்வழி நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1853ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் விற்பனை தொடங்கியது. ஒரு வாளி நீரின் விலை, டச்சு நாணயத்தில் ஒரு காசு!

கடலருகே நன்னீர் எப்படி நிலைத்து நிற்கிறது? நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது. ஆதலால், அடியிலுள்ள உப்பு நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது.

நகரம் வளர்ந்தது. 1903 முதல் ஆழத்திலிருந்தும் நீர் எடுத்தனர். மழை தந்ததைவிட மனிதர் எடுத்தது மிகுந்தது. நகர நீர் நிலையத் தலைவராக இருந்த பென்னிங்க் என்பவர், மணல் நிரப்பிய பெட்டியில், உப்பு நீருக்குப் பதிலாகப் பாலை ஊற்றி ஆராய்ந்தார். மேலே நீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியிலிருந்த பால் மேலெழுந்தது. நிலத்துக்கடியில் உப்பு நீரும் அவ்வாறே ஏறி வரும் என்பது தெளிவாயிற்று.

இதற்குத் தீர்வாக, 1957 முதல் ரைன் ஆற்று நீரை ஓரளவு துப்புரவாக்கி, நெடுந்தொலைவு குழாயில் கொண்டுவந்து, மணல்மேட்டு வாய்க்கால்களில் விட்டனர். அந்நீர் மெல்ல மணலில் இறங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் ஊர்ந்து சென்றபின் மீண்டும் திரட்டப்படுகிறது. அதற்குள் நோய்க் கிருமிகள் அழிகின்றன.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. 1986ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே இரசாயனப் பண்டகசாலை ஒன்று தீப்பற்றி, நச்சுப்பொருள் ரைன் ஆற்றில் கலந்தது. நெதர்லாந்தில் அவ்வாற்று நீரை எடுப்பதை நிறுத்தினர். அத்தகைய நாள்களில் கைகொடுப்பது, மணலில் முன்கூட்டிச் சேர்த்து வைத்த நீரே.

நம் கிளந்தான் மாநிலத்திலும் மக்கள் பலர் நிலத்தடி நீரையே குடிக்கின்றனர். ஆகவே, அம்ஸ்டர்டாம் கற்ற பாடம் நமக்கும் உரியது. மற்றக் கிடங்குகள் காலியானால் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். கடலோர நீர்க்கிடங்கிலோ, நாம் காலியாக்கிய இடத்தில் உப்பு நீர் குடியேறிவிடும். எடுப்பதற்கு ஈடாகத் திரும்பச் சேர்ப்பதே அறிவுடைமை.