பலாலி: இரண்டு முறை கைமாறிய ஓடுபாதை

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் கதை தெரியுமா நண்பர்களே? ராணுவத்திடமிருந்து பயணிகளுக்கு, அது ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வந்திருக்கிறது!

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் இது. போர் முடிந்ததும் பயணிகள் வந்தார்கள். 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்புக்கு அருகே இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் பறந்தது.

1980-களில் உள்நாட்டுப் போர் மூண்டது. சென்னை விமானம் நின்றது, பலாலி மறுபடி படைத்தளமானது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1990-ல் வெளியேறிய குடும்பங்களில் பல, இருபது வருடம் கழித்தும் வீடு திரும்ப முடியவில்லை.

2009-ல் போர் முடிந்த பிறகும் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டன. 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. கொரோனாவால் 2020-ல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்று எங்கள் பி.காம் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி. ஆனால் கூரையில்லாத வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் திரும்பப் பெற்றவர், இழந்த வருடங்களை எந்தக் கணக்கில் எழுதுவார்? விமானம் வந்துவிட்டது, சந்தோஷம். காணிக்காரர் எல்லோரும் வந்தால்தான் கணக்கு நேராகும்.