‘மக்கள் திங்கட்கிழமை’: 2001 விம்பிள்டன் ஃபைனலில் ரசிகர்கள் ஏன் அவ்வளவு தவித்தார்கள்?

விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் ஃபைனல் என்றாலே ஞாயிற்றுக்கிழமைதான். 2001-ல் மழை அதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டது. ஜூலை 9 அன்று லண்டனின் சென்டர் கோர்ட்டில் குரோஷியாவின் கோரான் இவானிசெவிச்சும் ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டரும் மோதினார்கள். ‘மக்கள் திங்கட்கிழமை’ என்றுதான் அந்த நாளை டென்னிஸ் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஏன் இந்தப் பெயர்?

விம்பிள்டன் ஃபைனல் டிக்கெட் சாதாரண ரசிகருக்குச் சுலபமாகக் கிடைக்காது. கிளப் உறுப்பினர்கள், அழைப்பாளர்கள், குலுக்கலில் வென்றவர்கள் என்று முன்கூட்டியே சீட் நிரம்பிவிடும். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் சுமார் 10,000 டிக்கெட்டுகள் வரிசையில் வந்தவர்களுக்கே விற்கப்பட்டன. ராத்திரி முழுக்க ரோட்டோரம் காத்துக்கிடந்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு பக்கம் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட குரோஷிய ஜெர்சி, இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவின் மஞ்சள், பச்சை. பொறுமையாகக் கைதட்டிப் பழகிய சென்டர் கோர்ட் அன்று ஃபுட்பால் மைதானம் மாதிரி அலறியது.

கோரான் மீது அவ்வளவு பாசம் எதனால்?

தோல்விதான் காரணம். 1992 ஃபைனலில் அகாஸியிடம் தோற்றார். 1994, 1998 ஃபைனல்களில் சாம்ப்ராஸிடம். இதில் இரண்டு ஐந்து செட் வரை போய்க் கைநழுவியவை. உலகின் 2-ம் நிலை வீரராக இருந்தவர், தோள்பட்டைக் காயத்தால் 125-ம் இடத்துக்குச் சரிந்தார். 2000-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த ஒரு போட்டியில் கோபத்தில் கையிலிருந்த மட்டைகளையெல்லாம் உடைத்துவிட்டு, ஆட மட்டை இல்லாமல் பாதியிலேயே வெளியேறிய கூத்தும் நடந்தது. 2001 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

125-ம் இடத்தில் இருப்பவருக்கு விம்பிள்டனில் நேரடி இடம் கிடையாது. பழைய சாதனைகளைப் பார்த்து நிர்வாகம் ‘வைல்டு கார்டு’ கொடுத்தது. அதாவது தரவரிசை போதாதவருக்கு நிர்வாகம் தன் விருப்பப்படி தரும் சிறப்பு அனுமதி.

அதை வைத்துக்கொண்டு மோயா, ராடிக், ருசெட்ஸ்கி, சாஃபின் என வரிசையாகச் சாய்த்தார். அரையிறுதியில் எதிரே உள்ளூர் செல்லப்பிள்ளை டிம் ஹென்மேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது செட்டை 6-0 என்று வாரிக்கொண்டு ஹென்மேன் முன்னிலையில் இருந்தபோது மழை கொட்டியது. சனிக்கிழமையும் ஆட்டம் முடியவில்லை. ஞாயிறு அன்று கோரான் ஐந்தாவது செட்டை 6-3 என்று முடித்தார். பிரிட்டன் ரசிகர்களுக்கு அந்த மழை மீது இன்னும் கோபம் தீரவில்லை.

அப்போ ராஃப்டர் வில்லனா?

இல்லவே இல்லை. சிக்கலே அங்கேதான். சர்வ் போட மேலே வீசிய பந்து சரியில்லை என்றால் எதிராளியிடம் ‘ஸாரி’ சொல்லும் மனுஷன் அவர். யு.எஸ். ஓப்பனை இரண்டு முறை வென்றவருக்கு விம்பிள்டன் மட்டும் அமையவில்லை. முந்தைய ஆண்டு ஃபைனலில் அவரையும் சாம்ப்ராஸ்தான் தோற்கடித்தார். காயங்களால் களைத்து, ஓய்வெடுக்கும் யோசனையில் இருந்தார். ஆக, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பயம்: இதை விட்டால் நம்ம ஆளுக்கு இன்னொரு ஃபைனல் கிடைக்காது.

கடைசி கேமில் என்ன நடந்தது?

செட் கணக்கு 2-2. ஐந்தாவது செட்டில் 8-7 என்ற நிலையில் கோரான் சர்வ் போட்டார். ஜெயிக்க ஒரே ஒரு பாயின்ட். டபுள் ஃபால்ட். மறுபடி வாய்ப்பு, மறுபடி டபுள் ஃபால்ட். மூன்றாவது முறை ராஃப்டர் தலைக்கு மேலே லாப் அடித்துத் தப்பினார். ஏஸ் அடிப்பதற்கே பேர்போன ஆள், ஒரு சர்வை உள்ளே போட முடியாமல் திணறியதைக் குரோஷிய ரசிகர்கள் பார்க்க முடியாமல் பார்த்தார்கள். நான்காவது முறை ராஃப்டரின் ரிட்டர்ன் வலையில் பட்டு விழுந்தது. 6-3, 3-6, 6-3, 2-6, 9-7.

வைல்டு கார்டில் வந்து விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற ஒரே வீரர் இன்றுவரை அவர்தான். 1993-ல் கார் விபத்தில் இறந்த கூடைப்பந்து வீரரும் நண்பருமான டிராசென் பெட்ரோவிச்சுக்கு வெற்றியைக் காணிக்கையாக்கினார். சொந்த ஊரான ஸ்பிளிட்டில் கடற்கரையே தெரியாத அளவுக்கு வரவேற்புக் கூட்டம்.

இன்னொரு முறை நடக்குமா?

கஷ்டம்தான். 2009 முதல் சென்டர் கோர்ட்டுக்கு மூடித் திறக்கும் கூரை வந்துவிட்டது. மழையால் ஃபைனல் தள்ளிப்போகும் பேச்சே அநேகமாக இல்லை. கடைசி செட்டில் 6-6 ஆனால் இப்போது 10 பாயின்ட் டை-பிரேக், அதனால் 9-7 என்ற ஸ்கோருக்கும் இடமில்லை. ராஃப்டர் அந்த ஆண்டுக்குப் பிறகு விம்பிள்டன் ஒற்றையரில் ஆடவே இல்லை.